அங்கே இல்லாதவரின் கண்

விடியுமுன் மலையேறி, விரல் விறைக்கக் காத்திருந்து, மேகம் விலகிய சில நொடிகளில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "முன்பகுதி வெறிச்சென்று இருக்கிறது" என்று நடுவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டால் எடுத்தவருக்கு வலிக்கத்தான் செய்யும். அமெச்சூர் போட்டிகளில் நிலக்காட்சிப் படங்கள் பெரும்பாலும் பெயர் மறைத்தே நடுவர்முன் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். "இவர் அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்" என்ற குமுறல் அதனால்தான் எழுகிறது. ஆனால் நடுவர் அங்கே இல்லாமல் போனதுதான் அவர் பேச்சுக்கு மதிப்பைத் தருகிறது என்பது என் எண்ணம். எடுத்தவர் படத்தைப் பார்க்கும்போது அன்றைய குளிரையும் ஓடைச் சத்தத்தையும் ஏறிவந்த களைப்பையும் சேர்த்தே பார்க்கிறார். அவற்றில் எதுவும் படத்துக்குள் வந்து சேரவில்லை என்பது அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை.

பெரிய கலைஞர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே எழுந்த நிலவைப் படமெடுத்தார். கல்லறைச் சிலுவைகளின்மேல் விழுந்த கடைசி வெயில் மறையும் அவசரத்தில் வெளிச்சமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளியளவு மனப்பாடமாக இருந்ததால் அதைக் கொண்டே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. 1948-ல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயன முறையில் அடர்த்தியாக்கினார். ஆரம்பகாலப் பிரதிகளில் மேகக்கீற்றுகளோடு சாம்பல் படிந்திருந்த வானம், பல ஆண்டுகள் கழித்து அவர் அச்சிட்ட பிரதிகளில் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிட்டது. நேரில் நின்று பார்த்தவருக்கே தன் படத்துக்கு எது தேவை என்பது காலம் போகப்போகத்தான் பிடிபட்டது. ஆண்டுகள் கொடுக்கும் அந்த விலகலை, அங்கே போகாத ஒரு நடுவர் ஒரே மாலையில் கொடுத்துவிட முடியும்.

அதே காரணம் நடுவருக்கும் எல்லை போடுகிறது. "என் கண் முதலில் வலது மூலையின் வெள்ளைப் பாறைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது" என்று அவர் சொன்னால் அது சாட்சியம். அதை யாரும் மறுக்க முடியாது. "இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருக்கலாம்" என்றால், அந்த இரண்டடியில் பள்ளம் இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. "பாதையில் ஓர் ஆள் நின்றிருந்தால் நன்றாக இருக்கும்" என்பதோ, அவர் மனதில் எடுத்துக்கொண்ட வேறொரு படத்தைப் பற்றிய பேச்சு. விதிகளைச் சொல்லாவிட்டால் புதியவர்கள் எப்படிக் கற்பார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அடிவானத்தை நடுவில் வைக்காமல் மேலோ கீழோ மூன்றிலொரு பங்கில் வைக்கச் சொல்லும் 'மூன்றில் ஒரு பங்கு' விதிக்கு அந்தப் பெயரை 1797-லேயே கொடுத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித். புகைப்படம் பிறக்காத காலத்தில், ஓவியத்துக்காக எழுதினார். பல கண்கள் எங்கே போயின என்ற அனுபவத்தின் சுருக்கம் அது. ஏரியில் மலை அப்படியே தலைகீழாகத் தெரியும்போது அடிவானத்தை நடுவில் வைத்தால்தான் அந்தச் சமநிலை கிடைக்கும். அங்கே விதியைக் காட்டி மதிப்பெண்ணைக் குறைப்பது படத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது. ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி 1999-ல் உருவாக்கிய 'ரைன் 2' படத்தில் புல்லும் பாதையும் நீரும் வானமும் பட்டைபட்டையாகக் கிடக்கின்றன, வேறொன்றும் இல்லை. பல கிளப் போட்டிகளில் 'கண் தங்க இடமில்லை' என்று அது முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வெறுமையை உண்டாக்கவே ஆட்களையும் கட்டடத்தையும் கணினியில் நீக்கினார் குர்ஸ்கி.

அப்படியானால் எதையும் நீக்கலாம், ஒட்டலாம் என்றாகிவிடாதா? போட்டியில் ஆகாது. 2012-ல் பிரிட்டனின் ஒரு பெரிய நிலக்காட்சிப் போட்டியில், படத்தில் மேகங்கள் சேர்க்கப்பட்டது தெரிந்ததும் முதல் பரிசையே திரும்பப் பெற்றார்கள். சரியான முடிவு. போட்டி விதியை மதிப்பது நாணயம் சார்ந்த விஷயம்; மூல ஃபைலைக் கேட்டுச் சரிபார்த்துவிடலாம். படம் பேசுகிறதா என்பதை எந்த ஃபைலும் சொல்லாது.

ஒருவர் கண் போனபடி இன்னொருவர் கண் போகாதே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் மூன்று நடுவர்கள் தனித்தனியே பார்த்ததைச் சொல்வது, மூவரும் கலந்துபேசி ஒரே கருத்துக்கு வருவதைவிடப் பயனுள்ளது. மூவரும் அதே பாறையில் இடறினால் கிராப் செய்து பார்க்க வேண்டியதுதான். ஆளுக்கொரு இடத்தில் நின்றால், படத்தில் பல இழுப்புகள் இருக்கின்றன என்று பொருள். அது குறையா விருப்பமா என்பதை எடுத்தவரே முடிவு செய்யட்டும். ஆனால் நடுவர்களின் பேச்சு முடியும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. "அன்றைக்கு அங்கே மழை" என்று ஆரம்பித்துவிட்டால், நடுவரும் அங்கே போய் நின்றுவிடுவார். அதுவரை இருந்த ஒரே வெளிக்கண்ணும் போய்விடும். பாராட்டும் இதே முறையில் வர வேண்டும். 'அருமை' என்ற சொல்லிலிருந்து கற்றுக்கொள்ள எதுவுமில்லை. பனிக்குள்ளிருந்து மூன்றாவது மலைமடிப்பு மெல்லத் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் கண் நின்றது என்று ஒருவர் சொன்னால், அடுத்த முறை பனி எவ்வளவு விலகும்வரை காத்திருப்பது என்று எடுத்தவருக்குத் தெரியும்.