தோள் கொடுப்பது யார் கடமை?

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வாழும் ஊர் கூத்தாநல்லூர். 2020 மார்ச்சில் வானூர்திகள் நின்றன. தந்தை மறைந்தால், சிங்கப்பூரிலுள்ள மகன் வர வழியில்லை. சந்தூக்குக்குத் தோள் கொடுக்கக் கடமைப்பட்டவன் யார்? இரத்த உறவினன் மட்டுந்தானா?

இக்கேள்விக்குச் சென்னையில் ஒரு கூட்டம் தந்த விடை வெட்கித் தலைகுனியத்தக்கது. கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் சைமனின் உடலை, ஏப்ரல் 19 இரவு, வேலங்காட்டில் அடக்கம் செய்யவிடாது கல்லெறிந்து விரட்டினர். பின்னர் உடன் பணியாற்றிய மருத்துவர் தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். இறந்த உடலால் எவருக்கும் நோய் பற்றியதாகச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே கூறியிருந்தது. அறிவு இருந்தது, கேட்கச் செவிதான் இல்லை!

அதே நாட்களில், டில்லி மாநாட்டைக் காட்டி, முஸ்லிம்களே நோயைப் பரப்பினர் என்று தூற்றினர். தூற்றப்பட்டோர் செய்தது என்ன? தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் தொண்டர்கள், உற்றாரே நெருங்க அஞ்சிய உடல்களை, அவரவர் சமய முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தனர்.

இதனைத் 'தருமம்' என்று புகழ்கின்றனர். அச்சொல் எனக்கு உவப்பில்லை. தருமம் செய்பவன் மேலே, பெறுபவன் கீழே; மனம் மாறினால் நிறுத்தியும் விடுவான். மண்ணில் மரியாதையோடு அடங்குவது மனிதனின் உரிமை. உரிமைக்கு எதிரே நிற்பது கருணையல்ல, கடமை. கடமையெனில் அரசுக்கும் அதில் பங்குண்டு. தொண்டர் வந்துவிட்டார் என்பதால் அது தீர்ந்துவிடாது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்னும் அவசரச் சட்டம் ஏப்ரல் 26இல்தான் பிறந்தது. சைமன் புதைக்கப்பட்டு ஒரு வாரம் கழிந்த பிறகு!