நாள் பார்க்கும் கருணை

ஆடிக் கிருத்திகைக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி போகும் பையன்களுக்கு இரண்டு தரிசனங்கள் உண்டு. ஒன்று, பெரியவர்கள் இழுத்துக்கொண்டு போகும் மலைக்கோயில். இன்னொன்று, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே பலூன் சுடும் கடை. பன்னிரண்டு வயதில் எனக்கு இரண்டாவதில்தான் பக்தி அதிகம்.

அந்த வருஷம் சென்னையிலிருந்து வந்த மாமா சொந்தமாகவே ஒரு ஏர் கன் கொண்டுவந்திருந்தார். காவடி பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சாயங்காலம் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கி, குண்டைத் தள்ளிவிடும். வெடிமருந்து இல்லை, புகை இல்லை. குண்டு என்பது உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஒரு பொடி ஈயத்துண்டு.

வரப்பில் ஒரு மடையான் நின்றிருந்தது. சுட்டேன். பட்டது, ஆனால் சாகவில்லை. ஒரு சிறகு தொங்க, சேற்றில் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. மாமா இறங்கிப் போய்க் கழுத்தைத் திருகினார்.

வீட்டில் பாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "கிருத்திகையும் அதுவுமா இந்தப் பாவத்தைப் பண்ணிட்டு வந்திருக்கியேடா! நாளைக்குப் பண்ணக் கூடாதா?"

நாளைக்கு! மடையானுக்குக் கிருத்திகை தெரியாது. செவ்வாய்க்கும் புதனுக்கும் அதன் சிறகு ஒரே மாதிரிதான் வலித்திருக்கும். பாட்டி கோபப்பட்டது பறவைக்காக அல்ல, நாளுக்காக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டி தெருவே மணக்கக் கோழிக் குழம்பு வைத்தாள். நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பாவத்துக்குப் பஞ்சாங்கம் உண்டு, வலிக்குக் கிடையாது. இதை ஒப்புக்கொண்டுதான் வேட்டையைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் துப்பாக்கிக்காரர் வரட்டும். "இது விளையாட்டுச் சாமான், லைசென்ஸ்கூட வேண்டாம்" என்பார். லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கிற காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 10 ஜூல். ஒரு கிலோ எடைக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அந்த அடி மொத்தமும் மிளகளவு இடத்தில் இறங்குகிறது. மூளையில் பட்டால் அந்தக் கணமே சாவு. இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டால் புதரில் மணிக்கணக்காகச் சித்திரவதை. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இன்னொரு குணமும் உண்டு. குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே பிஸ்டன் பாய்ந்த அதிர்ச்சியில் துப்பாக்கி குலுங்கிவிடும். கை தேர்ந்தவருக்கே குறி தப்பும். பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 ஜூல் வரையிலான காற்றுத் துப்பாக்கியால் முயல் வேட்டையாடுகிறார்கள். அங்கே சட்டம் அதற்கு இடம் தருகிறது. இங்கே நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கௌதாரியைச் சுட்டாலும் முயலைச் சுட்டாலும் குற்றம். குறி தப்பினாலும் தப்ப முடியாது, முயற்சி செய்வதே வேட்டைதான் என்கிறது சட்டம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகிறது தண்டனை. துப்பாக்கி வாங்கத் தடையில்லை, அதைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போனால் குற்றம். பிறகு அது எதற்கு? தகர டப்பாவுக்கு, பலூனுக்கு, தாளில் வரைந்த வட்டத்துக்கு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் வாங்கியதும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அதற்காக ஒரு குருவியும் சாகவில்லை.

"முருகனின் வள்ளியே வேடர் வீட்டுப் பெண்தானே, திருத்தணியில் வேட்டை தப்பா?" என்று ஒருவர் கேட்டார். வள்ளி கதையைக் காட்டி வேட்டையை நியாயப்படுத்தலாம் என்றால், முருகன் சினம் தணிந்த மலை திருத்தணி என்கிற கதையைக் காட்டி அதைக் கண்டிக்கவும் செய்யலாம். கதையில் நியாயம் தேடினால் தேடுகிறவருக்குத் தோதானது கிடைக்கும். பறவைக்குத்தான் ஒன்றும் கிடைக்காது.

சட்டத்தையும் கோயில் கல்வெட்டாக்கிவிட வேண்டாம். அதே 1972 சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்துக் காகத்தையும் தீங்குயிர் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2022-இல் திருத்தம் வந்து அந்த அட்டவணை போகும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அமாவாசைக்கு முன்னோர் என்று சோறு வைத்துக் கூப்பிடுகிற காகத்தை, மறுநாள் சுட்டிருந்தால் கேள்வியில்லை! நம் சடங்கு அதைத் தாத்தா என்றது, நம் சட்டம் பீடை என்றது. இரண்டுமே நாம் ஒட்டிய சீட்டுகள். காகத்தின் நரம்பு இரண்டையும் படித்ததில்லை.

இப்போது துப்பாக்கியைத் தொடாத நம்மைப் பார்ப்போம். கௌதாரி சுட்டவன் படத்தைப் பத்திரிகையில் பார்த்து "மிருகம்" என்று திட்டுகிறோம். திட்டிவிட்டு ஞாயிறு காலை கோழிக்கடை வரிசையில் நிற்கிறோம். அந்த பிராய்லர் கோழியின் வயது ஆறு வாரம். அதற்குள் இரண்டு கிலோ சதை ஏற்றியாகிவிட்டது. கடைக்கு வந்தது இரு சக்கர வண்டியின் இரு புறமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. மடையானாவது குண்டு படுகிற நொடி வரைக்கும் வரப்பில் சுதந்திரமாக நின்றது. வலியை மட்டும் எடை போட்டால் எந்தத் தட்டு தாழும்? ஆள் வைத்துக் கொன்றால் கை சுத்தம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

"அப்படியானால் எல்லோரையும் சைவமாகச் சொல்கிறாயா?" என்று பாய வேண்டாம். இந்த நாட்டில் சைவம் என்பது விலங்கின் மேல் இரக்கமாக இருந்ததைவிட மனிதன் மேல் ஏணியாக இருந்ததுதான் அதிகம். "சைவர்களுக்கு மட்டும்" என்று வாடகைப் பலகை மாட்டுகிறவர் கோழியைக் காப்பாற்றவில்லை, குடிவருகிறவரின் சாதியை மோந்து பார்க்கிறார். பறவை பிடிப்பதே பெயராகிப்போன குருவிக்காரர்களுக்கு 1972 சட்டம் தொழிலைப் பறித்தது. அவர்களையும் நரிக்குறவர்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆயிற்று. பசிக்குக் காடை பிடித்தவனும், பொழுதுபோகாமல் மடையானைச் சுட்ட நானும் ஒரே தராசில் ஏற மாட்டோம். சட்டம் இருவரையும் ஒன்றாகப் பார்க்கலாம். அறிவு அப்படிப் பார்க்கக் கூடாது.

கடவுள் பயமும் நாள் பயமும் இல்லாமல் பறவையைக் காக்க முடியுமா? முடிந்திருக்கிறது. வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே வேடன் இருக்கிறான். அந்த ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். காரணம் புராணம் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ணால் கண்டிருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த அரசாங்கத்தை வயற்காட்டு அறிவு பணியவைத்தது. அந்தப் பாதுகாப்பு கிருத்திகை அன்றைக்கு மட்டும் அல்ல, எல்லா நாளுக்கும்.

நானும் இன்னும் கோழி சாப்பிடுகிறவன்தான். முன்னைவிடக் குறைவாக, முன்னைவிடச் சங்கடத்தோடு. அந்தச் சங்கடத்தை மறைக்க ஒரு விரத நாளைத் தேடிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏர் கன் வைத்திருக்கும் தம்பி, பலூனைச் சுடு, டப்பாவைச் சுடு. மடையானை விட்டுவிடு. உன் பசிக்கு அது தேவையில்லை, அதற்கு வலிக்கும். விரதம் இருக்கும் அம்மா, திருத்தணிப் படிகள் 365, நாளுக்கு ஒரு படி என்பார்கள். அடுத்த கிருத்திகைக்கு ஏறும்போது, இன்றைக்குக் கொல்லலாமா என்று கேட்காதீர்கள். எதற்காகக் கொல்கிறோம், எப்படிக் கொல்கிறோம் என்று கேளுங்கள். கறி வாங்கும் நாளிலும் அதையே கேளுங்கள்.