ஓரி ஏன் நாணினான்?

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் ஒரு பத்து நிமிடக் குறும்படத்துக்கான கதை இருக்கிறது. பாடியவர் வன்பரணர். பாணர் கூட்டமொன்று காட்டுவழியில் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. அவன் விட்ட ஒற்றை அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்திருக்கிறது. மார்பில் ஆரம் தொங்க நிற்பவன் இறைச்சி விற்றுப் பிழைப்பவனாகத் தெரியவில்லை. கொல்லிமலைத் தலைவன் ஓரிதானோ என்று சந்தேகம். விறலியர் பாட, கருவிகள் முழங்க, ‘கோ’ என்று அவனை விளித்ததும், அது தன் பெயராகவே இருப்பதால், அவன் நாணிப்போகிறான். வந்தவர்கள் வேண்டுவது இன்னதென்று சொல்லக்கூட விடாமல், மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் நடுவழியிலேயே அள்ளிக் கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை.

இதை ஓர் உதவி இயக்குநர் ஒன்லைனாகக் கதை விவாதத்தில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். என்னென்ன வரும் என்று ஊகிப்பது சிரமமில்லை. “அஞ்சு மிருகம் பட்ஜெட்டுக்குத் தாங்காது, ரெண்டாக்கிடு.” “வில்லன் எங்கப்பா? காரியை உள்ளே கொண்டுவா.” “கொல்லிமலைன்னா கொல்லிப்பாவை வேணாமா? பேய்ப்படத்துக்குத்தான் இப்போ மார்க்கெட்.” இவற்றில் எதுவும் முட்டாள்தனமான யோசனை இல்லை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. அதிலும் ஒரு படம் இருக்கிறது. ஆனால் அது வேறு படம். யோசனை சொன்னவர்கள் மூவரும் தங்கள் மனதில் ஓடிய படத்தைச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்து கதை சொன்னவரின் படத்தை யாரும் தொடவில்லை.

அதைத் தொட ஒரே கேள்வி போதும்: ஓரி ஏன் நாணினான்? யானையைச் சாய்த்தவனுக்குத் தன் பெயரைக் காதால் கேட்கக் கூச்சம் என்றால், படத்தின் உயிர் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. அம்பு எதற்கு என்பதும் அப்போது விளங்கும். அம்பு எவ்வளவு வலியதோ அவ்வளவுக்கு அந்தக் கூச்சம் நம்மைத் தைக்கும். அம்பைக் காட்டியே ஆகவேண்டுமா, பாணர் வாய்மொழியாக வந்தால் போதுமா என்று சொன்னவரே யோசிக்கத் தொடங்குவார். பட்ஜெட் பிரச்சினைகூட அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் தீரும். நல்ல கருத்து என்று நான் கருதுவது இதைத்தான்: கேட்ட கதையில் எந்த இடத்தில் மனம் நின்றது, எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்வியை அங்கே வைப்பது. மருந்து எழுதித் தருவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்; பெரும்பாலும் தேவைப்படாது.

ஒன்லைன் கட்டத்தில் இது இன்னும் முக்கியம். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி வழியாகக் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் வந்தார்கள். அங்கே நடுவர்கள் பேசியது எடுத்து முடித்த படத்தைப் பற்றி. பாராட்டலாம், குறை சொல்லலாம், மாற்ற முடியாது. ஒரு வரியாக இருக்கும்போது மாற்றத்தின் செலவு ஒரு தாள். அதே சமயம், அந்த ஒரு வரியைக் கொல்வதும் அத்தனை சுலபம். ராம்குமார் குறும்படமாக எடுத்து, 2014இல் முழுநீளப் படமாக்கிய ‘முண்டாசுப்பட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்தால் செத்துப்போவோம் என்று நம்பும் ஊர். “இந்தக் காலத்துல யாருங்க இதை நம்புவா?” என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. “அப்படியானால் அந்த ஊருக்குள் போட்டோக்காரர் எதற்குப் போகிறார்?” என்று கேட்டால், செத்தவரைப் படமெடுக்க என்ற பதிலில் படம் முழுவதும் விரிகிறது. முதல் கேள்வி சந்தேகம். இரண்டாவது, கதையின் விதியை ஏற்றுக்கொண்டு அதற்குள் இறங்கிக் கேட்பது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. புதியவருக்குக் கேள்வி மட்டும் போதுமா? முப்பது வருட அனுபவம் உள்ளவர் வழி சொன்னால் என்ன தப்பு? பிக்சார் நிறுவனத்தில் ‘பிரெய்ன்டிரஸ்ட்’ என்றொரு குழு கூடிப் படங்களை ஈவிரக்கமின்றி அலசும்; ஆனால் இயக்குநருக்குக் கட்டளையிடும் அதிகாரம் அதற்கில்லை என்று பிக்சாரின் தலைவராக இருந்த எட் கேட்முல் எழுதியிருக்கிறார். அங்கே தீர்வு சொன்னாலும் ஆபத்தில்லை, இயக்குநர் உதறிவிடலாம். கோடம்பாக்கத்து அறையில் கதை கேட்பவர் தயாரிப்பாளர், அல்லது மூத்த இயக்குநர். கதை சொல்பவர் அடுத்த மாத வாடகையை நினைத்துக்கொண்டிருப்பவர். “சும்மா ஒரு ஐடியாதாம்பா” என்று பெரியவர் சொன்னது மறுநாள் காலை திரைக்கதையில் ஏறியிருக்கும். அனுபவசாலி அடக்கி வாசிக்கவேண்டும் என்று நான் சொல்வது அவர் யோசனை மட்டம் என்பதால் அல்ல. அவர் வாயிலிருந்து வரும் எதுவும் யோசனையாக நிற்பதில்லை என்பதால்.

தகவல் பிழை மட்டும் வேறு கணக்கு. அதை நேராகவே சொல்லிவிட வேண்டும், கேள்வியாக மடித்துக் கொடுப்பது பாசாங்கு. கொல்லிமலை என்றதும் சமவெளிக்காரர் எழுதும் கதைகளில் சித்தர், மூலிகை, மாந்திரீகம் மூன்றும் வரிசையாக வந்துவிடும். ஆனால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பேருந்து போகிறது. மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் மிளகும் காபியும் அன்னாசியும் சாமையும் விளைவிக்கிறார்கள். ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடக்கிறது. அந்த மலையின் தெய்வப் பாவையான கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு உவமையாகவே பெரிதும் சொன்னார்கள். வழியே இல்லாத மர்ம மலை என்று ஒன்லைன் தொடங்கினால், “மலை அப்படி இல்லை” என்று சொல்வது கேட்பவரின் கடமை. தெரிந்த பிறகும் அவர் மர்ம மலையைத்தான் எடுப்பேன் என்றால் எடுக்கட்டும். தெரியாமல் எடுப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கேள்வியோடு அனுப்பினால் கதை தேறிவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஓரியின் கதையைச் சொன்னவர் ஒரு வாரம் கழித்து வந்து, “கூச்ச சுபாவம் சார், அதான்” என்றால், இன்னும் தயாராகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும். அல்லது நாம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, அஞ்சு மிருகமும் திரையில் வந்தே ஆகவேண்டும், அதைப் பார்த்தால்தான் அந்த நாணம் புரியும் என்று பிடிவாதமாக நிற்கலாம். அப்போது பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். தோல்பாவைக் கூத்தாக அந்த வேட்டையைக் காட்டினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடலாம்.