தெரிந்தவனைத் தெரியாதவனாக்கலாமா?



சினிமா கூடாது என்று பிரசங்க பீடத்தில் சொல்லுகிறோம். ஆனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம்ம பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கு. அதில் சினிமாவும் இருக்கு. வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "பாஸ்டர், விண்வெளிப் படத்துலகூட ஆணும் ஆணும் குடும்பமா வாழ்றதாக் காட்றாங்களே, இதை எப்படி எடுத்துக்கிறது?"

அவர் சொன்னது ஸ்டார் ட்ரெக். 1966-ல் அமெரிக்க டி.வி.யில் தொடங்கிய கதை. 2009-ல் புது நடிகர்களோடு சினிமாவாக மறுபடி ஆரம்பித்தார்கள். 2016-ல் வந்த மூன்றாவது படத்தில், கப்பலை ஓட்டும் சுலு என்பவர் ஊர் திரும்பும்போது அவருடைய ஆண் துணைவரும் சின்ன மகளும் எதிர்கொள்ளுகிறார்கள். கொஞ்ச நேரக் காட்சிதான்.

முதலில் சுலுவாக நடித்த ஜார்ஜ் டகேய் தாமே தன்பாலின ஈர்ப்புள்ளவர். அவரே, "பழைய பாத்திரத்தை மாற்றவேண்டாம், புதிதாக ஒருவரை உண்டாக்குங்கள்" என்ற கருத்தைச் சொன்னார். கதை எழுதினவர்களில் ஒருவரான சைமன் பெக் ஒப்பவில்லை. புது ஆள் வந்தால் ஜனங்கள் அந்த ஒரு விஷயத்தை வைத்தே அவரை எடைபோடுவார்கள். சுலுவையோ மனுஷனாக முன்னமே அறிவார்கள் என்பது அவர் வாதம்.

அந்த வாழ்க்கையை நான் ஏற்கவில்லை. விவாகத்தைக் குறித்து மத்தேயு 19-ல் ஆண்டவர் போதித்ததே நமக்குப் போதும். ஆனாலும் அந்த வாதம் நம்மைக் கேள்வி கேட்கிறது.

நம்ம தமிழ்ப் படங்களைப் பாருங்கள். 2006-ல் வந்த வேட்டையாடு விளையாடு படத்தில், கொலைகாரர் இருவரையும் இந்த விஷயத்தைச் சொல்லியே கதாநாயகன் ஏளனம் செய்வார். கொலைகாரனாகவோ கோமாளியாகவோதான் இப்படிப்பட்டவர்களைக் காட்டினார்கள். அந்தச் சிரிப்பு சபைக்குள்ளும் வந்துவிட்டது. கதாநாயகன் ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்தித் தொந்தரவு செய்தால் அதைக் காதல் என்று பேசாமல் பார்க்கிறோம். மத்தேயு 5:28 அங்கே ஞாபகம் வருவதில்லையே!

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெய் புகுந்தது. அப்போது முழங்கால் சேற்றில் நின்று வீடு கழுவிக் கொடுத்த ஒரு வாலிபன், "பாஸ்டர், எனக்குள்ள இப்படி ஒரு போராட்டம்" என்று நாளைக்குச் சொன்னால்? அத்தனை வருஷம் அறிந்தவன் ஒரே நிமிஷத்தில் அந்நியனாகிவிடுவானா?

யோவான் 4-ஐ வாசியுங்கள். சமாரியா ஸ்திரீயின் வாழ்க்கை முழுவதும் ஆண்டவருக்குத் தெரியும். ஆனாலும் முதலில் தண்ணீர்தான் கேட்டார். அவள் பாவத்தை மறைக்கவுமில்லை, அவளை விரட்டவுமில்லை.

பெற்றோர்களே, அப்படிப்பட்ட காட்சி வந்தால் அணைத்துவிடுங்கள். கேலி மட்டும் பேசாதிருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நம்ம பிள்ளையே அந்தப் போராட்டத்தில் இருக்கலாம். நம்ம சிரிப்பைக் கேட்ட பிறகு அவன் நம்மிடம் வாய் திறக்கமாட்டான். வாய் திறக்காதவனோடு சேர்ந்து ஜெபிப்பது எப்படி?

கர்த்தர் நம் நாவைக் காப்பாராக. ஆமென்.