பலுகிப் பெருகினது எது?



போன மாதம் நம் சபையில் ஒரு குழந்தைப் பிரதிஷ்டை நடந்தது. மூன்றாவதும் பெண்பிள்ளை. ஜெபம் முடிந்து வெளியே வரும்போது, "குடிக்கவே தண்ணியக் காணோம், இதுல மூணாவது வேறயா?" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்தத் தாயின் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டே ஆட்டோவில் ஏறினார்கள். அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பிறந்த பிள்ளையைப் பார்த்து, நீ பூமிக்குப் பாரம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?

இதைப் புத்தகமாக எழுதினவரே ஒரு குருவானவர்தான். இங்கிலாந்து சபையைச் சேர்ந்த மால்தூஸ் 1798-ல் எழுதினார். விளைச்சலைவிட ஜனம் வேகமாய்ப் பெருகும், பஞ்சமும் கொள்ளைநோயும் அதைக் குறைக்கும் என்பது அவர் கணக்கு. பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் படித்த கல்லூரியிலே அவர்தான் வாத்தியார். அந்தக் கணக்கு நம் ஜனங்கள்மேல் எப்படி இறங்கிற்று என்று பாருங்கள்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பாட்டிமார் அதைச் சொல்லும்போது குரல் தாழும். தென்னிந்தியாவிலும் மேற்கிலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேலே செத்தார்கள். 1877 ஜனவரி முதல் தேதி லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். அதே வருஷம் அவர் அனுப்பின ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ், இது உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்து நின்றார். இந்தியாவிலிருந்து கோதுமை மட்டும் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது. ஜனம் அதிகம் என்று சொன்னவர்கள் கப்பலை எண்ணவில்லை!

நம் நாட்டு ஆட்களும் குறைந்தவர்கள் அல்ல. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், லட்சக்கணக்கான ஏழைகளுக்குக் கட்டாயமாய்க் கருத்தடை செய்தார்கள். எண்ணிக்கை பயம் வந்தால் கத்தி முதலில் ஏழை மேல்தான் விழுகிறது.

அப்படியானால் எல்லையே இல்லையா? உண்டு. நம் கரிசல் காட்டுக்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். தாத்தா ஐந்து ஏக்கரில் கம்பும் பருத்தியும் போட்டார். நாலு பிள்ளைகளுக்குப் பங்கானபோது, ஒருத்தனுக்கு ஒன்றேகால் ஏக்கர். மழையும் ஏமாற்ற, பேரன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான். நிலம் சீமைக்கருவேல் காடாயிற்று. மண் நீளாது, கண்மாய் பெருக்காது. இது மெய்.

ஆனால் இன்னொரு மெய்யும் உண்டு. 2019-21 சர்வேப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். தண்ணீர்த் தேவை குறைந்ததா? கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்து, தாமிரபரணியிலிருந்து வருகிறது. நம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது வேறு ஊர் ஆற்றைத் திறக்கிறோம். அப்படியென்றால் பெருகினது பிள்ளையா, வீட்டுக்கு வீடு போர்வெல்லா? 2022 நவம்பரில் உலக ஜனத்தொகை 800 கோடியைத் தொட்டது என்றார்கள். ஆனால் ஓர் அமெரிக்கர் விடுகிற கரியமிலவாயு, சராசரியாக நம் ஆள் விடுகிறதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. தலையை எண்ணுகிறவன் கையையும் எண்ணவேண்டாமா?

ஆதியாகமத்தில் பலுகச் சொன்னதை நாம் மனப்பாடமாய்ச் சொல்லுவோம். அடுத்த அதிகாரத்திலேயே மனுஷனைத் தோட்டத்தில் வைத்தது அதைக் காப்பதற்கும்தான் என்பதை வாசித்துவிட்டுப் போய்விடுவோம்.

இதை எழுதும்போது எனக்கே குத்துகிறது. கன்வென்ஷனுக்கு வருகிறவர்களுக்காக நம் சபை வளாகத்தில் ஆழமாய் போர் போட்டோமே, நினைவிருக்கிறதா? தண்ணீர் வந்ததும் ஸ்தோத்திரம் பண்ணினோம். அடுத்த கோடையில் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றினது. போர்தான் காரணம் என்று அவர்கள் சண்டைக்கு வரவில்லை, குடத்தோடு வந்தார்கள். நாமும் கொடுத்தோம், ஆனால் முகம் சுளித்துக் கொடுத்தோம். அந்த மூன்றாவது பிள்ளை பிறக்கவே இல்லை அப்போது.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடுகிறது. இரண்டாவது போர் போடுவதுபற்றிப் பேச்சு. நானும் வருகிறேன். அந்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன்.