காலரி: ஒரு பெயரும் அதன் பொருளும்

யூலும் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் ‘காலரி’ என்றொரு சொல் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்துக்கான ஆங்கிலச் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள்தான் ஆங்கிலேயர் நாக்கில் காலரி ஆனார்கள். நம் வளரி ‘காலரித் தடி’ ஆனது. சாவு வீட்டில் ஊதும் கொம்பு ‘காலரிக் கொம்பு’ ஆனது. இன்று இந்தச் சொல்லை ஆங்கிலேயர்களே மறந்துவிட்டார்கள்.

கள்ளர் என்றால் திருடர் என்று அகராதி பொருள் சொல்கிறது. அதற்கு நூறு வருஷம் முன்பே ராபர்ட் ஓர்ம் என்ற வரலாற்றாசிரியர், பெயரின் பொருள் திருடர், குணமும் அதற்கேற்றதுதான் என்று எழுதிவிட்டார். என்னை உறுத்துவது அந்தப் பின்பாதி. பொருள் சொல்வது அகராதிக்காரர் வேலை. பொருளிலிருந்து குணத்துக்குத் தாவ யார் அனுமதி கொடுத்தது?

தமிழில் அந்தச் சொல் ஒற்றைப் பொருளோடு நின்றதில்லை. சங்கப் பாடல் வேங்கட மலைத் தலைவன் புல்லியைக் கள்வர்களின் தலைவன் என்று மதிப்போடுதான் சொல்கிறது. சித்திரையில் ‘அழகரு ஆத்துல எறங்குறாரு’ என்று ஊரே வைகைக்கு ஓடுகிறதே, அந்தச் சாமி மலையைவிட்டுக் கிளம்புவது கள்ளர் வேடத்தில். பெயரே கள்ளழகர். ஊர்க்காவல் பார்த்ததும் இதே கள்ளர்கள்தான். இதெல்லாம் கப்பலேறவில்லை, ஒற்றைப் பொருள் மட்டும் ஏறியது.

அது சட்டமாகத் திரும்பி வந்தது. 1871இன் குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. உசிலம்பட்டிப் பக்கம் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டும். பெருங்காமநல்லூர் மக்கள் முடியாது என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்த பதினாறு பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947இல்.

‘அகராதியா சுட்டுச்சு?’ என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று எழுத, பெயரிலேயே சாட்சி இருக்கிறது என்ற நினைப்பு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அந்த வசதி வெள்ளைக்காரனோடு போய்விடவும் இல்லை. மதுரையில் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் ‘உங்களுக்கு எந்தப் பக்கம்?’ என்று கேட்கிறோம். ஊர்ப் பெயர் காதில் விழுந்ததுமே ஆளின் குணத்தை முடிவு செய்துவிடுகிறோம். ஓர்ம் செய்ததும் அதுதானே?