மண்டியிடுவது யார்?

மன்னிப்புக் கேட்கிறவன் ஏதாவது குற்றம் செய்திருக்க வேண்டும். சட்டத்திலும் சரி, மதத்திலும் சரி, இதுதான் விதி. ஒரு குற்றமும் செய்யாதவன் நாலு பேர் முன்னால் மண்டியிட்டு, தலை தரையில் பட மன்னிப்புக் கேட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? பணிவு என்பதா, ஒப்புதல் வாக்குமூலம் என்பதா, அல்லது சாதி செய்த கொலை என்பதா? அந்தக் காட்சியை இன்னொருவன் வேறொரு வடிவத்துக்கு, படக்கதையாகவோ திரைப்படமாகவோ மாற்றும்போது அந்த மண்டியிடலை என்ன செய்ய வேண்டும்? அப்படியே வைக்கலாமா, அழிச்சிடலாமா? 'மூலத்துக்கு விசுவாசம்' என்று நம் இலக்கியவாதிகள் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்களே, அந்த விசுவாசம் யாருக்கு?

ஜப்பானை வைத்து இதைப் பேசலாம். அங்கே நாவலை மங்காவாக, அதாவது அவர்களுடைய படக்கதையாக, மாற்றுவது பெரிய தொழில். 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த தோழர்களுக்குப் படம் எவ்வளவு ஆழமாக உள்ளே இறங்கும் என்று தெரியும்.

எடுத்துக்கொள்ளும் நாவல்கள் இரண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866). இன்னொன்று நம்மில் அதிகம் பேர் படித்திராத, ஆனால் நாம் கட்டாயம் படிக்க வேண்டிய 'ஹகாய்', ஷிமஸாகி தோசோன் 1906இல் எழுதியது. 'கட்டளையை மீறுதல்' என்று பொருள். தோசோன் தஸ்தயேவ்ஸ்கியின் நாவலை ஆங்கிலத்தில் படித்து, அதன் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டார் என்று விமர்சகர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். இரண்டிலும் ஓர் இளைஞன் ரகசியத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு திரிகிறான். பார்க்கிறவனெல்லாம் தன்னைச் சந்தேகப்படுகிறான் என்று நடுங்குகிறான். கடைசியில் ஊரறியச் சொல்லிவிடுகிறான். எலும்புக்கூடு ஒன்றுதான். ஆனால் ரஸ்கோல்னிகோவ் கோடாரியால் இரண்டு பெண்களை வெட்டிக் கொன்றவன். உஷிமாட்சு என்ன செய்தான்? பிறந்தான். அவ்வளவுதான்.

உஷிமாட்சு 'எட்டா' சாதியில் பிறந்தவன். தோல் வேலையும் செத்த மாட்டை அகற்றுகிற வேலையும் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட சாதி. அந்தப் பெயரை எழுதும் எழுத்துக்களுக்கே 'அழுக்கு மிகுந்தவன்' என்றுதான் பொருள். 1871இல் அரசாங்கம் ஓர் ஆணை போட்டு இந்தப் பிரிவினையை ஒழித்தது. ஒழித்தது என்றால் காகிதத்தில். 'புதுக் குடிமக்கள்' என்று ஒரு புதுப் பெயர் ஒட்டிக்கொண்டது, பழைய இழிவு அப்படியே இருந்தது. உஷிமாட்சுவின் அப்பா மலையில் மாடு மேய்ப்பவர். மகனுக்கு அவர் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: என்ன ஆனாலும், யார் கேட்டாலும், பிறப்பைச் சொல்லாதே. அவன் படித்து, மலையூரான இயாமாவில் ஆசிரியராகிறான். அதே சாதியில் பிறந்த இனோகோ ரென்தாரோ என்ற எழுத்தாளர் தன் பிறப்பை வெளிப்படையாகச் சொல்லிப் போராடுகிறார். இவன் அவருடைய புத்தகங்களைப் பதுங்கிப் பதுங்கிப் படிக்கிறான். ஓர் அரசியல்வாதி பணத்துக்காக ரகசியமாக எட்டாப் பணக்காரர் மகளைக் கட்டிக்கொண்டதை இனோகோ மேடையில் போட்டு உடைக்கிறார். அன்றிரவே அவரை ஆள் வைத்து அடித்துக் கொல்கிறார்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் உஷிமாட்சு அப்பனின் கட்டளையை மீறுகிறான்.

மீறுகிறான், சரி. எப்படி மீறுகிறான் என்பதுதான் இங்கே விஷயம். வகுப்பறையில், தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் முன்னால், தான் அசுத்தமானவன் என்று சொல்லி, இத்தனை நாள் மறைத்ததற்காக மன்னித்துவிடுங்கள் என்று மரத்தரையில் மண்டியிடுகிறான். அப்புறம் ஊரை விட்டுப் போகிறான். அமெரிக்காவில், டெக்சாஸில், பண்ணை வைக்கப்போகும் ஒரு பணக்காரரோடு சேர்ந்துகொள்ளும் வழி அவனுக்குக் காத்திருக்கிறது.

ஒரு தலித் வாசகனுக்கு இதைப் படிக்கும்போது ரத்தம் கொதிக்கும். எதுக்குடா மன்னிப்பு? வாடகைக்கு வீடு தேடிப் போகிற நம்ம பையன், 'தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' என்று கேட்கிற வீட்டுக்காரரிடம் வாய்க்கு வந்த ஒரு தெருப் பெயரைச் சொல்கிறானே, அவன் செய்தது பொய்யா? கேட்டவன் செய்தது என்ன? பொய்யைப் பற்றிய நீதி நூல்களெல்லாம் பதில் சொன்னவனைத்தான் விசாரிக்கின்றன, கேள்வி கேட்டவனை விட்டுவிடுகின்றன. ஜப்பானிலும் சங்கதி தெருப் பெயரில்தான் இருக்கிறது. அவர்களுக்கு நிறம் வேறில்லை, மொழி வேறில்லை, முகவெட்டு வேறில்லை. முகவரிதான் சாதி. புராக்கு எனப்படும் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளின் முகவரிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டு நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்ற சேதி 1975இல் அம்பலமானது. வேலைக்கு மனுப் போட்டவன் எந்த இடத்துக்காரன் என்று பார்க்கத்தான்.

படக்கதை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எழுத்தில் உஷிமாட்சுவுக்கு முகம் தராமலே முந்நூறு பக்கம் ஓட்டிவிடலாம். படத்தில் முடியாது. முதல் கட்டத்திலேயே கண், மூக்கு, தாடை எல்லாம் வரைந்தாக வேண்டும். மற்றவர்களைப் போலவே வரைந்தால் சாதி எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாது. கொஞ்சம் கருப்பாக, கொஞ்சம் குனிந்தாற்போல வரைந்தால், சாதி உடம்பில் இருக்கிறது என்ற ஆதிக்க சாதிக்காரனின் பொய்யை ஓவியனே வழிமொழிந்தவனாகிறான். மங்கா வகையில் அழகான கதாநாயகனுக்குப் பெரிய கண், அடியாளுக்குச் சின்னக் கண், கோணல் பல் என்றெல்லாம் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்துக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் உட்கார்ந்திருக்கிறது. இதை உடைத்துக் காட்டியவர் ஷிராதோ சம்பெய். 1964 முதல் 1971 வரை 'காரோ' இதழில் வந்த அவருடைய 'கமுய் கதை' நாவல் தழுவல் அல்ல, நேரடி மங்கா. அதன் நாயகன் ஒதுக்கப்பட்ட சேரியில் பிறந்தவன். ஜப்பானிய மாணவர் போராட்டக் காலத்தில் இளைஞர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள்.

இப்போது ரஸ்கோல்னிகோவிடம் வருவோம். தெசுகா ஒசாமு 1953இல் 'குற்றமும் தண்டனையும்' நாவலைச் சிறுவர்களுக்கான மங்காவாக்கினார். உருண்டைத் தலை, டிஸ்னி படத்துச் சாயல். தஸ்தயேவ்ஸ்கி பக்தர்கள் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். நாவலில் ரஸ்கோல்னிகோவ் சந்தையில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. குடிகாரன் என்று கூட்டம் சிரிக்கிறது. பிறகு காவல் நிலையத்தில் ஒத்துக்கொள்கிறான். சைபீரியா, எட்டு வருடம், சோனியா கூடவே போகிறாள், மனசு மாறுகிறது. தெசுகா சைபீரியாவையே வெட்டிவிட்டார். அவருடைய ரஸ்கோல்னிகோவ் சதுக்கத்தில் நின்று, நான்தான் கொன்றேன் என்று கத்துகிறான். அந்த நேரம் நகரமே கலவரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் காதிலும் விழவில்லை.

இது துரோகமா? மூலத்தில் கடவுளும் சட்டமும் அவன் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள். தெசுகாவிடம் கேட்க நாதியில்லை. போரில் தோற்று, எரிந்து, எட்டு வருடம் ஆன நாடு அது. லட்சக்கணக்கான சாவுக்கு யார் பொறுப்பு என்று உரக்கக் கேட்க ஆளில்லாத நாட்டில், ஒரு கிழவியைக் கொன்ற மாணவனின் வாக்குமூலத்தை எவன் நின்று கேட்கப்போகிறான்? தெசுகா இதை நினைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. படித்தால் எனக்கு இப்படித்தான் படுகிறது. நாவல் கேட்காத ஒரு கேள்வியை இந்தத் தழுவல் கேட்கிறது: வாக்குமூலம் என்பது சொல்கிறவனை மட்டும் பொறுத்ததா? ஒரே கதையை ஒவ்வொரு ராத்திரியும் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஆடுகிற கூத்துக்காரனிடம் போய் 'மூலம் எது' என்று கேட்டால் சிரிப்பான். மூலத்தைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியாததல்ல.

'ஹகாய்' நாவலை முதலில் மாற்றியவர் மங்காக்காரரோ சினிமாக்காரரோ அல்ல, அதை எழுதியவரேதான். 1922இல் கியோத்தோவில் சுய்ஹெய்ஷா இயக்கம் பிறந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் மேல் எறியப்பட்ட அதே பெயரை எடுத்து, அந்தப் பெயரில் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இயக்கத்தின் கண்டனங்கள் எழுந்த பின் நாவல் சில காலம் அச்சில் இல்லை. 1939இல் தோசோன் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். எதைத் திருத்தினார்? 'எட்டா' என்ற சொல்லைப் பல இடங்களில் எடுத்துவிட்டு மழுப்பலான சொற்களைப் போட்டார். மண்டியிடலை எடுக்கவில்லை. பெயர் போச்சு, குனிந்த முதுகு அப்படியே இருக்கு! நம்ம ஊரிலும் சாதிப் பெயரை நீக்கிவிட்டால் சாதி போய்விடும் என்று நம்புகிற நல்லவர்கள் உண்டு.

1953இல் முதல் பதிப்பின் வாசகம் மறுபடி அச்சேறியது. தெசுகாவின் மங்கா வந்த அதே வருடம். விளக்கம் ஒன்றும் இல்லாமல் இழிசொற்களைத் திரும்ப அச்சிட்டதை விடுதலை இயக்கம் கண்டித்தது. கண்டித்தது சரி என்றே நினைக்கிறேன். பழைய வாசகத்தை அச்சிடுவது வேறு, அது என்ன காயம் செய்தது என்ற வரலாறு இல்லாமல் அச்சிடுவது வேறு. அதற்காகக் கடைசிப் பக்கத்தில் 'காலச் சூழலைக் கருதி அப்படியே வெளியிடுகிறோம்' என்று நாலு வரி போட்டுக் கை கழுவுவதும் தீர்வல்ல. கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த பக்கங்களுக்காக, தெசுகாவின் மறுபதிப்புகளிலும் இன்று அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது.

இச்சிகாவா கோன் 1962இல் எடுத்த படம் வேறு வழி பிடித்தது. நாவலிலும் உஷிமாட்சு இனோகோவின் அஸ்தியோடு தோக்கியோவுக்குத்தான் கிளம்புகிறான், ஆனால் அதற்கு அப்பால் டெக்சாஸ் இருக்கிறது. படத்தில் டெக்சாஸ் இல்லை. இனோகோவின் மனைவியோடு போராடத்தான் போகிறான். எனக்கு இது பிடிக்கும். ஆனாலும் ஓர் உறுத்தல் உண்டு. 1906இல் அவனுக்கு இயக்கம் ஏது? இயக்கம் பிறக்க இன்னும் பதினாறு வருடம் இருந்தது. பிந்தி வந்த வீரத்தைப் பழைய மனிதன் மேல் ஏற்றிவிட்டால், அவன் ஏன் அன்று குனிந்தான் என்ற கேள்வி காணாமல் போகும். குனிய வைத்தவர்களும் அதோடு தப்பித்துக்கொள்வார்கள். ஆகவே மண்டியிடலை அழிப்பதை நான் ஏற்கவில்லை. அதை யார் கண்ணால் காட்டுகிறாய் என்பதுதான் என் சண்டை.

2007இல் ஈஸ்ட் பிரஸ் நிறுவனம் பேரிலக்கியங்களைக் கையடக்க மங்காவாகப் போடும் வரிசை ஒன்றைத் தொடங்கியது. மார்க்ஸின் 'மூலதனம்', தஸ்தயேவ்ஸ்கி, 'ஹகாய்' எல்லாம் அதில் உண்டு. வரைந்தவர் என்று தனி மனிதர் பெயர் இருக்காது, ஒரு ஸ்டுடியோவின் பெயர்தான். கொபயாஷி தகிஜியின் 'நண்டுக் கப்பல்' (1929) நாவலும் அதில் வந்தது. அதற்கு முன் 2006இலேயே வேறொரு மங்காவாகவும் வந்திருந்தது. 2008இல் நிரந்தர வேலையில்லாத இளைஞர்கள் மூல நாவலையே லட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள். அதை எழுதியவரை 1933இல் போலீஸ் சித்திரவதை செய்து கொன்றது. அந்த நாவலில் கதாநாயகன் கிடையாது, கூட்டம்தான் நாயகன். படமாக்கும்போது கூட்டத்துக்கு எந்த முகத்தைக் கொடுப்பது? ஒருவனை முன்னால் நிறுத்தினால் அது தலைவன் கதையாகிவிடும்.

மறைப்பதைப் பற்றிப் படக்கதையில் சொல்ல முடியும் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. அம்பேத்கர் பரோடாவில் தங்க இடமில்லாமல் பார்சிப் பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியே துரத்தினார்கள். பூங்காவில் உட்கார்ந்து அழுததை அவரே எழுதியிருக்கிறார். துர்காபாய், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் அதை வரைந்து 2011இல் 'பீமாயணா' வந்தது. கதையைக் கட்டங்களுக்குள் அடைக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். இதமான பேச்சுக்குப் பறவை வடிவம், விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. கொடுக்கு யார் வாயில் முளைக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அம்பேத்கரும் பெயரை மறைத்தார், அகப்பட்டார், அழுதார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. உஷிமாட்சுவுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற தூரம் இந்த ஒன்றில் இருக்கிறது.

'ஹகாய்' நாவலில் சென்டா என்று ஒரு சின்னப் பையன் வருவான். அதே பள்ளியில் படிக்கும் எட்டாச் சிறுவன். விழா நாளில் டென்னிஸ் ஆட்டம் நடக்கிறது, அவனோடு ஜோடி சேர ஒருவரும் வரவில்லை. மட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறான். உஷிமாட்சு பொறுக்க முடியாமல் போய்ச் சேர்ந்து ஆடுகிறான், இரண்டு பேரும் தோற்கிறார்கள். தன் சாதியை மறைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அவனுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. பிற்பாடு அதே ஆசிரியர், நான் அசுத்தமானவன் என்று சொல்லித் தரையில் விழுந்த செய்தி சென்டாவின் காதுக்கும் போயிருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்? தோசோன் எழுதவில்லை. நாளைக்கு யாராவது இந்த நாவலை மறுபடி வரைய உட்கார்ந்தால், மண்டியிடும் பக்கத்தைத் திருப்பியதும் நான் முதலில் தேடப்போவது சென்டாவைத்தான்.